ஜூலியின் இடது பின்னங்கால்

எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் இக்கா. எனக்கும் இக்காதான். மட்டாஞ்சேரியில் என்னைவிட மூத்த முஸ்லிம் ஆணை வேறு எப்படிக் கூப்பிடுவது? பதினொரு வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு, என் வீட்டு வாசலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். நான் பிரஷர் பார்ப்பேன். முப்பத்து நாலு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார், ஏதோ எனக்கு அடுத்த உத்தியோகம் அவர் கொடுத்தது மாதிரி.

"நூத்தி நாப்பது, இக்கா."

"நேத்து நூத்தி முப்பதுதானே. எதுனால கூடுச்சு?"

"வயசாகுதுல்ல."

"வயசு நேத்தும் இருந்துச்சே, தங்கச்சி."

இதற்கு என்ன பதில் சொல்வது? உப்பு கூடியிருக்கும் என்பேன். உப்பு கூடவில்லை, இத்தாவைக் கேள் என்பார். இத்தா அவர் மனைவி. தூக்கம் சரியில்லையா என்பேன். நன்றாகத் தூங்கினேன் என்பார். காரணம் கிடைக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் சில நாள் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். "நேத்து மழை பெஞ்சுச்சுல்ல, அந்தக் குளிருக்கு நரம்பு இறுகியிருக்கும்." உடனே முகம் தெளிந்துவிடும். அப்படிச் சொல்லு என்று தலையாட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போவார். நான் சொன்னது சரியா தப்பா என்று அவர் பார்க்க மாட்டார். காரணம் என்று ஒன்று கையில் கிடைத்தால் போதும்.

"வெறுதே ஒண்ணும் வராது, தங்கச்சி." ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்வார். வெறுதே என்றால் சும்மா. அவர்கள் குடும்பம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சுக்கு வியாபாரத்துக்கு வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் மலையாளம். அவருக்கு இரண்டும் கலந்தே வரும். நல்ல உயரம், ஒல்லி, பெரிய காதுகள். யோசிக்கும்போது வலது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் காது மட்டும் கொஞ்சம் நீளமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்தது. இந்த ஊரில் ஈரம் படியாத சுவர் எங்கே இருக்கிறது? கடல் ஒரு பக்கம், காயல் ஒரு பக்கம். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். இவர் கேட்கவில்லை. மற்ற சுவரெல்லாம் காய்ந்திருக்க இந்த இடத்தில் மட்டும் எதுனால என்று, உளியும் சுத்தியலும் எடுத்துத் தாமே கொத்தினார். பூச்சு போயிற்று, செங்கல் போயிற்று, அந்தப் பக்கம் சமையலறை தெரிந்தது. உள்ளே குழாயும் இல்லை, வேரும் இல்லை. இத்தா அடுப்பங்கரையிலிருந்து அந்த ஓட்டை வழியாக அவரைப் பார்த்து, "காரணம் கிட்டிச்சா?" என்று கேட்டார். ஒரு வருடம் அந்த ஓட்டையின் மேல் காலண்டர் தொங்கியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார். பொடி எழுத்து இங்கிலீஷ். தலைசுற்றல் வரலாம், வாய் உலரலாம் என்று நான் தமிழில் சொல்லச் சொல்ல, குர்ஆன் கேட்கிற மாதிரி அடக்கமாக உட்கார்ந்து கேட்பார். அவருக்கு வரும் எல்லாத் தொந்தரவுக்கும் அதில் ஒரு காரணம் இருந்தது.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினொன்றாம் நாள் தொட்டிலில் இறந்துபோனதாம். இத்தா ஒரு தடவை சொன்னார், ஒரே தடவை. பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை. சில சமயம் இப்படி ஆகும், காரணம் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் போய் நின்றாராம், அதே டாக்டரிடம் மறுபடி கேட்க. அதன் பிறகுதான் இவர் இப்படி ஆனார் என்று நான் எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன்பும் இவர் இப்படித்தான் என்று அவர் தம்பி சொல்லியிருக்கிறான். நானும் அவரைப் போல ஒரு காரணம் தேடித்தான் பார்க்கிறேன்.

அவர் தொழில் கல்யாணக் குதிரை. ஜூலி என்று ஒரு வெள்ளைப் பெண்குதிரை. ஈரோட்டுப் பக்கத்துச் சந்தையில் வாங்கி லாரியில் கொண்டுவந்தார். பழைய சுக்குக் குடோன் ஒன்றைப் பாதி தடுத்துத் தொழுவமாக்கியிருந்தார். ஜூலிக்கு எப்போதும் லேசாகச் சுக்கு மணக்கும். மாப்பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு மண்டபம் வரை போவாள். பேண்டு வாசித்தால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுவாள். நாலு காலிலும், குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டை ஒட்டி, தோல் பட்டையில் கோத்த சலங்கை. எறணாகுளம் பிராட்வேயில் நாலு கடை ஏறியிறங்கி வாங்கியது. கல்யாணம் இல்லாத நாளில் கடற்கரையில் மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துப் போட்டோ எடுக்கிறவர்கள் கூப்பிடுவார்கள். நல்ல ஓட்டமான தொழில்.

குதிரைக்குத் தீனி, குளியல், சேணம், சலங்கை எல்லாம் அவர் தம்பி பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கு நேரெதிர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பான், கேள்வியே கேட்க மாட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அறுபது வயதிலும் ஐம்பது வயதிலும். தம்பி பேசாமல் மீன் முள்ளை எடுத்து எடுத்து அண்ணன் பக்கம் சதையைத் தள்ளிவைப்பான்.

ஒரு நாள் தேவராவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, ஜூலியின் இடது பின்னங்கால் சலங்கைப் பட்டையை வழக்கமான துளையில் மாட்ட முடியவில்லை. ஒரு துளை தள்ளி மாட்டினான் தம்பி. திரும்பி வந்து பட்டையைக் கழற்றியபோது இரண்டு பேரும் பார்த்தார்கள். மூட்டுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி வீக்கம். அழுத்தினால் மெத்தென்று இருந்தது. ஜூலி காலை இழுக்கவில்லை. கொள்ளு தின்றாள். நடந்தாள், ஓடினாள், மறுநாள் பேண்டுக்கு ஆடினாள். நொண்டல் துளியும் இல்லை.

ஒரு வாரத்தில் கால்நடை டாக்டர் வந்தார். எறணாகுளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற இளம்பெண். மூட்டை மடக்கிப் பிடித்தார், சந்தின் கோடி வரை ஓட்டச் சொல்லிப் பார்த்தார், கையோடு கொண்டுவந்த கருவியில் படமும் எடுத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வலி இல்ல, சூடு இல்ல, நொண்டல் இல்ல. மூட்டுல நீர் கொஞ்சம் கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். நிறைய குதிரைக்கு இப்படி வரும். இதோடயே நல்லா வேலை செய்யும். விட்டுடுங்க."

"எதுனால வந்துச்சு, டாக்டரே?"

"பல காரணம் இருக்கலாம். இதுல எதுன்னு எனக்குத் தெரியல."

"குத்தி எடுத்து, உள்ள என்ன இருக்குன்னு பாத்தா?"

"வேண்டவே வேண்டாம். நல்லா இருக்கிற மூட்டுக்குள்ள ஊசி போறதே ஆபத்து. ஒரு துளி அழுக்கு உள்ள போச்சுன்னா குதிரையைக் காப்பாத்த முடியாது."

என் காதால் கேட்டேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஸ்கூட்டர் சந்தைத் தாண்டியதும் இக்கா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னார்: "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு அஞ்சு வருசம் படிக்கணும்?"

அன்றிலிருந்து அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. தினமும் காலையில் ஒரு வெள்ளை நூலை மூட்டைச் சுற்றி வைத்து அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவார். பிறகு அந்த நூலோடுதான் என் வீட்டுக்குப் பிரஷர் பார்க்க வருவார். சிமெண்டுத் தரை காரணமோ என்று மணல் கொட்டினார். தவிடு காரணமோ என்று தவிட்டை நிறுத்தினார். குளிப்பாட்டுகிற தண்ணீரில் உப்போ என்று வாயில் ஊற்றிப் பார்த்தார். ஜூலியைப் படகுத்துறை வரை நடக்கவிட்டு, காலடிச் சத்தத்தில் வித்தியாசம் கேட்கிறதா என்று பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தார். பஸார் ரோட்டில் சரக்கு மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வீக்கம் குதிரைக்கு இல்ல, இவருக்குத்தான்" என்றார் இத்தா.

ஆறாவது வாரம் அவர் என்னிடம் கேட்டார். பிரஷர் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ கொஞ்சம் எடுத்துக் குடுத்தா என்ன? ஒரு ஸ்பூன் போதும். உள்ள என்ன இருக்குன்னு பாத்தா எனக்குச் சமாதானமாயிரும்."

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியாச்சு, இக்கா. நான் மனுசங்களுக்குக் குத்துறவ."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் மறுத்தேன். மூன்றாம் நாள் அவர் கெஞ்சவில்லை. எங்கள் வாசலைப் பார்த்தபடி, பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார்: "மட்டாஞ்சேரியில உன் கையால ஊசி போட்டுக்கிட்டவங்க யாருக்கும் வலிச்சதுன்னு நான் கேட்டதே இல்ல. எங்க உம்மாவுக்குக் கடைசியில நரம்பே கிட்டாம எல்லாரும் கைவிட்டப்ப நீ வந்து ஒரே குத்துல எடுத்தே."

அது உண்மைதான். அந்தக் கிழவியின் கடைசி நாலு மாதம் தினமும் போய் ஊசி போட்டது நான்தான். என் கையைப் பற்றி எனக்கு அப்போதே பெரிய நினைப்பு. இப்போது யோசித்தால் அவர்மேல் வைத்த பிரியம் பாதி, அந்த நினைப்பு பாதி. சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வெளிச்சத்துக்காகக் குடோன் கதவை முழுக்கத் திறந்து வைத்தோம். இக்கா ஜூலியின் தலைப்பக்கம் நின்று, அவள் நெற்றியோடு தம் நெற்றியை வைத்துக்கொண்டு காதில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தம்பி பின்னங்காலை மடக்கித் தன் தொடைமேல் ஏற்றிப் பிடித்திருந்தான். நான் முடியை மழித்து, ஸ்பிரிட்டில் மூன்று தடவை துடைத்தேன். இக்கா பார்க்கும்படி புது ஊசியைப் பாக்கெட் கிழித்து எடுத்தேன். அதுவரை எல்லாம் ஆஸ்பத்திரி முறைதான்.

முதல் குத்தில் ஜூலி உதறினாள். ஊசி சிரிஞ்சிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. மணல், வைக்கோல், மூத்திர ஈரம். இன்னொரு புது ஊசி என் பையில் இருந்தது. பை ஜன்னல் மேடையில் இருந்தது. ஆறு அடி இருக்கும்.

"ஆச்சா, தங்கச்சி?" என்று தலைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஜூலி அந்த நிமிடத்தில் அசையாமல் நின்றாள். இன்னொரு தடவை இப்படி நிற்பாளோ மாட்டாளோ. குனிந்து ஊசியை எடுத்தேன். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தரம் துடைத்தேன். குத்தினேன்.

ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. செய்திருந்தால் என்னையே நான் அறைந்திருப்பேன். குதிரைதானே என்று எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது.

நல்லெண்ணெய் நிறத்தில், வழவழவென்று நீர் வந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டுக் கொடுத்தேன். இக்கா அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். தெளிவான நீர். இரத்தம் இல்லை, சீழ் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையே" என்றார். தம்ளரை மறுபடி சாய்த்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை ஜூலி அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. மூட்டு கொதித்தது. தொடை வரை வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை, காது சில்லென்று இருந்தது. டாக்டர் ஸ்கூட்டர் இன்ஜினை அணைக்காமலேயே ஓடிவந்தார். மழித்த இடத்தையும் குத்திய தடத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யார் குத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இக்கா சொல்லிவிட்டார். "நான்தான், டாக்டரே. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

அந்தப் பெண் அவரைத் திட்டிய திட்டை, எழுபதை நெருங்குகிற ஒரு மனிதர் தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டார். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நாள் மூட்டைக் கழுவினார்கள், மருந்து ஏற்றினார்கள். நரம்பில் மருந்து ஏற்றியது நான்தான், ஒரே குத்தில். பத்தாம் நாள் ஜூலி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாள். இனி வதைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, இக்கா தலையாட்டினார். அந்தக் கடைசி ஊசியை டாக்டர் போட்டார்.

ஜூலியை எடுத்துப் போக டெம்போ வருவதற்கு முன் இக்கா சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளை நூலை எடுத்தார். செத்த குதிரையின் காலைத் தூக்கி மூட்டைச் சுற்றி அளந்தார். நூல் எட்டவில்லை. அப்போதும் அவர் காதை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதன் பிறகாவது அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஊசி என்பது கண் முன்னால் நின்றது. ஆனால் அவர் கணக்கு வேறு மாதிரி போயிற்று. ஊசி சுத்தமான ஊசி. பாக்கெட் கிழித்ததை அவர் கண்ணால் பார்த்தார். குத்தியது என் கை. ஆகவே அழுக்கு வெளியிலிருந்து போயிருக்காது, முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும். உள்ளே எப்படி வந்தது? அந்த வீக்கம் எதுனால வந்தது? அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். நாலாம் நாள் சலங்கைப் பட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தவர், இடது பின்னங்கால் பட்டையில் ஒரு துளை மட்டும் இழுபட்டு நீண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

தம்பியைக் கூப்பிட்டார். நான் இத்தாவோடு வாசலில் நின்றிருந்தேன்.

"இதை இறுக்கிக் கட்டுனியாடா?"

"ஒரு கல்யாணத்துல ஆடும்போது கழண்டு விழுந்துச்சு, அண்ணே. அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை கொஞ்சம் இறுக்கினேன்."

"ரத்தம் கட்டியிருக்கு. நீ கட்டுன கட்டுல உள்ள கெட்ட ரத்தம் தேங்கியிருக்கு. அதுதான் பழுத்தது."

தம்பி குனிந்து அந்தத் துளையைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரே பார்வைதான், நீளமானது. எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்கிறான் என நினைத்துக்கொண்டேன். நான் இத்தாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என் ஜூலியைக் கொன்னவன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்றார் இக்கா.

"ஆகட்டும்" என்றான் தம்பி. அன்று சாயங்காலமே ஒரு பையோடு போய்விட்டான். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுவதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதிகம் போனால் பத்து கிலோமீட்டர். நாலு வருடம் அவன் மட்டாஞ்சேரிக்கு வரவில்லை.

இக்கா மறுபடி குதிரை வாங்கவில்லை. கல்யாணக் கார்களுக்குப் பூ கட்டிக் கொடுத்தார். தவறாமல் காலை ஏழு மணிக்கு வந்து கையை நீட்டினார். ஆனால் பிரஷர் கூடினால் எதுனால என்று கேட்பது நின்றுபோயிற்று. நூற்றி எழுபது என்றாலும் "ம்" என்பார். நான் பட்டையைச் சுற்றும்போதெல்லாம், "இப்படித்தான் இறுக்கியிருக்கான்" என்பார். நாலு வருடம், தினமும், அதே வாக்கியம். நான் பம்பை அழுத்துவேன்.

இத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தட்டுல பாதி மிச்சம் வைக்கிறார், தங்கச்சி. அவனும் இல்ல, குழந்தையும் இல்ல, யார் இருக்கா எங்களுக்கு? அவனைக் கூப்பிடச் சொல்லு. நீ சொன்னா கேப்பார்."

ஊசி கீழே விழுந்தது என்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவரே மறுநாள் வல்லார்பாடம் போயிருப்பார். இது எனக்குத் தெரியும். தெரியாமல் நான் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நாள் துணிந்து ஆரம்பித்தேன்.

"இக்கா, தம்பி மேல தப்பு இருக்காது. ஊசி குத்தினதுனாலகூட இருக்கலாம்ல?"

அவர் இன்னொரு கையால் என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். "அவனைக் காப்பாத்தறதுக்காக உன் மேல போட்டுக்கிறியா? உன் கை எனக்குத் தெரியும், தங்கச்சி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

போன வருடம் மழைக்கு முன்னால், பூ கட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து சாய்ந்தார். இரண்டு நாள்தான். தம்பி வந்தான். தலை நரைத்திருந்தது. உடல் வைத்த சந்தூக்கின் முன் பக்கத்தைத் தோளில் வாங்கினான், பள்ளிவாசல் வரை தோள் மாற்றவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு இத்தாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனை, சந்து முனையில் நிறுத்தினேன். அண்ணன் மண்ணுக்குள் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சொன்னேன். ஊசி விழுந்தது, எடுத்தது, துடைத்தது, குத்தியது, எல்லாம்.

"தெரியும், அக்கா" என்றான். "கால் என் தொடைமேலதானே இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

பக்கத்துக் கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன்டா அவர்கிட்ட சொல்லல?"

"எங்க உம்மாவை நாலு மாசம் பாத்துக்கிட்டீங்க. அப்புறம், சொன்னா அவர் உங்க வீட்டுப் படி ஏற மாட்டார். நான் இல்லாம அவர் இருந்துக்குவார். காலையில ஒரு ஆள்கிட்ட எதுனாலன்னு கேக்காம இருக்க முடியாது அவருக்கு." தோளில் சந்தூக்கு அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டான். "நீங்களே சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசம் பாத்தேன், அக்கா. ஃபோன் அடிச்சாலே அண்ணனோன்னு ஓடிப் போய் எடுப்பேன். அப்புறம் பாக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகிறது என்று படகுத்துறைப் பக்கம் நடந்தான்.

நீங்கள் எதனால் சொல்லவில்லை என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. இக்கா என்றால் கேட்டிருப்பார். பதில் கிடைக்கும் வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நானும் மழை, குளிர், உப்பு என்று எதையாவது சொல்லிப் பார்ப்பேன். அவருக்கு அது போதும், தலையாட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போவார். எனக்குத்தான் போதாது.